எழுபத்தேழரைக் கிலோவில் நின்ற முள்

எங்கள் பணியாளர் மலரில் ஓய்வு பெற்றோருக்கென்று ஒரு பகுதி உண்டு. அதற்கு எழுதித் தரும்படி மலர்க்குழுவிலிருந்து தொலைபேசி வந்தபோது, தவறான இலக்கத்துக்கு எடுத்துவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு வயது முப்பத்து நான்கு. எட்டு வருடம் உணவு ஆலோசகராக வேலை செய்துவிட்டு, இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு சென்ற வருடம் நானாக விலகினேன். "விலகினாலும் ஓய்வுதானே, எழுதும்" என்றார்கள். எட்டு வருடத்தை ஒரு வேலைக்காலம் என்று சொல்லலாமா, மற்றவர்கள் சிரிக்கமாட்டார்களா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, முடியாது என்று சொல்வதற்காகத் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அப்போது தர்சிகாவின் குறுஞ்செய்தி வந்திருந்தது.

தர்சிகா என் இடத்துக்கு வந்த பிள்ளை. அவள் எழுதியிருந்தது இதுதான்: "அக்கா, ஒரு ஆளின்ரை நிறை ரெண்டு மாசமா இறங்கேல்லை. ஆயிரத்து ஐந்நூறு கலோரி குடுத்தனான். இப்ப ஆயிரத்து இருநூறாக் குறைக்கப்போறன். சரிதானே?"

இப்போது அவர்களிடம் தொலைபேசியிலேயே கணக்குச் செய்யும் செயலி இருக்கிறது. வயது, உயரம், நிறை மூன்றையும் கொடுத்தால் கலோரி வந்துவிடும். குறைக்க வேண்டுமென்றால் ஒரு விரலால் குறைக்கலாம். "கொஞ்சம் பொறும். குறைக்காதையும்" என்று பதில் போட்டுவிட்டு, ஏன் என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்கம் நீண்டுகொண்டே போனது. அழித்தேன். திரும்ப எழுதினேன். அப்படி எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உணவுப் பட்டியல்களை மனப்பாடம் செய்தேன், பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கினேன், ஒரு கிராம் மாச்சத்துக்கு நான்கு கலோரி, ஒரு கிராம் கொழுப்புக்கு ஒன்பது என்பதை நித்திரையிலும் சொல்வேன். அவ்வளவுதான். மனிதர்கள் கிராமில் சாப்பிடுவதில்லை என்பது ஊர்காவற்றுறையில் வேலைக்கு வந்த முதல் கிழமையில்தான் தெரிந்தது. "எவ்வளவு புட்டுச் சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டால், "வயித்துக்கு அளவாய்" என்பார்கள்.

நான் அதே தீவிலுள்ள கரம்பொன் பிள்ளை. அதனால் வேலைக்குப் போகத் தூரமில்லை. ஆனால் மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை நெடுந்தீவுக் கிளினிக். குறிகட்டுவான் துறைக்கு விடியவே போய், ஒரு மணித்தியாலம் படகில் இருக்க வேண்டும். நிறை பார்க்கும் மெசினைத் துவாயால் சுற்றி மடியில் வைத்திருப்பேன். அது முள் சுற்றுகிற பழைய மெசின். படகு ஆடினால் முள் இடம் மாறிவிடும் என்று எனக்குப் பயம். பிள்ளையைக்கூட அப்படிப் பிடித்திருக்கமாட்டீர் என்று என் கணவர் சொல்வார். அதைக் கேட்டு, பிள்ளையைச் சரியாகப் பிடிக்கிறேனா என்று இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்ளும்.

அந்தக் கிளினிக்குக்குப் பொறுப்பானவர் டொக்டர் அமலன். நாற்பது வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தமாட்டார். எவரையும் ஏசியதை நான் கண்டதில்லை. பென்சிலால் மட்டும் எழுதுவார், பேனை கையொப்பத்துக்கு மட்டும். அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. நாம் எதைச் சொன்னாலும், தலையைச் சற்றுச் சரித்து, "எப்பிடித் தெரியும்?" என்பார். கோபத்தில் கேட்பதில்லை. மெய்யாகவே அறிய விரும்புகிறவர் போலக் கேட்பார். அதுதான் பயம். ஏசினால் அழுதுவிட்டுப் போகலாம். இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும்.

நெடுந்தீவில் இறங்கியதும் முதல் வேலை மெசினைச் சோதிப்பது. அங்குள்ள கூட்டுறவுக் கடையில் பத்துக் கிலோ இரும்புப் படிக்கல்லை இரவல் வாங்கி, மெசினில் வைத்து, முள் பத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆட்களை ஏற்றலாம். கடைக்காரர் ஒவ்வொரு முறையும், "டொக்டர், கல்லு இன்னும் மெலியேல்லையோ?" என்று கேட்பார். டொக்டர் ஒவ்வொரு முறையும், "பாத்திட்டுச் சொல்லுறன் அண்ணை" என்பார்.

பிறகு என் வேலை. நேற்று எழும்பியதிலிருந்து படுக்கும்வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுத வேண்டும். வீட்டிலுள்ள கோப்பை, அகப்பை, கரண்டிகளை வைத்து அளவு பிடித்து, அளவைக் கிராமாக்கி, கிராமைக் கலோரியாக்க வேண்டும். முதல் தடவை இதற்கு ஒருவருக்கு முக்கால் மணித்தியாலம் எடுப்பேன். அடுத்த தடவைகளில் அவ்வளவு நேரம் இருக்காது. "சாப்பாடு அதே மாதிரித்தானே?" என்று கேட்பேன். "ஓம், அதே மாதிரித்தான்" என்பார்கள். நானும் எழுதிக்கொள்வேன். இந்த ஒரு வரியைத் தர்சிகா இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

ஸ்ரெல்லா அக்கா ஒரு தை மாதம் எங்களிடம் வந்தார். வயது நாற்பத்து நான்கு. நெடுந்தீவில் மாடு வளர்ப்பவர். கலியாணம் செய்யவில்லை. தாய் இறந்த பிறகு தம்பி யூட்டைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். யூட்டுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கி, கிழமைக்கு மூன்று தரம் மெசினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அக்காவின் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்தியது. ஆனால் அக்காவின் நிறை எண்பத்திரண்டு கிலோ. எழுபத்து மூன்றுக்குக் கீழே வந்தால்தான் அவரில் கத்தி வைக்கலாம் என்று சத்திரசிகிச்சை நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்.

"ஒன்பது கிலோ இறைச்சியைத்தானே கேக்கினம். வெட்டிக் குடுக்க ஏலுமெண்டால் இண்டைக்கே குடுப்பன்" என்று அக்கா கதிரையில் இருந்தபடி சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

கணக்கைச் செய்தேன். அவருடைய வயது, உயரம், நிறைக்கு, சும்மா படுத்திருந்தாலே உடம்பு ஏறத்தாழ ஆயிரத்து நானூறு கலோரி எரிக்கும். மாட்டு வேலை, வீட்டு வேலை சேர்த்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. அதில் ஐந்நூறைக் கழித்து, ஆயிரத்து ஐந்நூறு அளவில் சாப்பாடு எழுதிக் கொடுத்தேன். காலையில் இவ்வளவு புட்டு, மத்தியானம் இவ்வளவு சோறு, மீன் எத்தனை துண்டு, தேங்காய்ப்பூ எவ்வளவு. அந்தத் தாளைக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்ததாகச் சொன்னார்.

மாசியில் எண்பது. பங்குனியில் எழுபத்தெட்டரை. சித்திரையில் எழுபத்தேழரை. ஒவ்வொரு முறையும் மெசினால் இறங்கி, "அவனுக்குச் சொல்லட்டே?" என்று கேட்டு, அங்கேயே நின்று யூட்டுக்குத் தொலைபேசி எடுப்பார்.

வைகாசியில் எழுபத்தேழரை. ஆனியில் எழுபத்தேழரை.

செருப்பைக் கழற்றியாகிவிட்டதா என்று பார்த்தேன். மெசினை வேறு இடத்தில், சீமெந்து தட்டையாக உள்ள மூலையில் வைத்தேன். படிக்கல்லைத் திரும்ப ஏற்றினேன். பத்துக் கிலோ. அக்கா திரும்ப ஏறினார். எழுபத்தேழரை.

இனி நான் செய்தவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் சாப்பாட்டைக் குறைத்தேன். வைகாசியில் ஆயிரத்து முந்நூறு ஆக்கினேன். ஆனியில் டொக்டரிடம் கேட்காமல், தொலைபேசியிலேயே, ஆயிரத்து ஐம்பது ஆக்கினேன். ஒரு பிடி புட்டை எடுத்தேன், ஒரு அகப்பை சோற்றை எடுத்தேன், இராச் சாப்பாட்டைப் பாதியாக்கினேன். அக்கா எல்லாவற்றுக்கும் "ஓம் பிள்ளை" என்றார். அந்த நாட்களில் என் மூத்த பிள்ளைக்கு ஒன்பது மாதம். அவனுடைய நிறை ஏறவில்லை என்று வீட்டில் அழுவேன். கிளினிக்கில் அக்காவின் நிறை இறங்கவில்லை என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன். எங்கேயும் எனக்கு ஒரு கணக்கும் சரிவரவில்லை.

அதைவிட மோசமான ஒன்றும் செய்தேன். ஒரு நாள் அக்காவின் கோவைத் தாளில், ஓரத்தில், சிறிய எழுத்தில், "உண்மை சொல்கிறாரா?" என்று எழுதினேன்.

டொக்டர் அமலன் கோவையைத் திறந்து அதை வாசித்தார். தலையைச் சரித்தார்.

"எப்பிடித் தெரியும்?"

"தெரியாது டொக்டர். கேள்விக்குறிதான் போட்டிருக்கிறன்."

"கேள்விக்குறி போட்டால் பழி குறைஞ்சிடுமே?"

இறேசரை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் எழுதியது பேனையால். அழிக்க முடியவில்லை. அவர் ஏன் பென்சிலால் எழுதுகிறார் என்று அன்றுதான் யோசித்தேன்.

ஆடி மாதம் யூட் எனக்கு நேரடியாகத் தொலைபேசி எடுத்தார். அதுவரை நான் அவரைக் கண்டதில்லை. மெல்லிய குரல்.

"மிஸ், அக்காவை விடுங்கோ. எனக்கு மெசின் பழகிட்டுது."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. இன்னும் நாலரைக் கிலோதானே."

"நேற்றுக் கதைக்கேக்கை அவவுக்கு மூச்சு வாங்குது. அவ விழுந்திட்டா எனக்கு ரெண்டு கிட்னி கிடைச்சும் என்ன செய்யிறது? நான் டொக்டர்மாருக்குச் சொல்லப்போறன், எனக்கு வேண்டாமெண்டு. அடுத்த கிழமை கிளினிக் இருக்கு, அதிலை சொல்லுவன்."

மூன்று நாள் கழித்து அக்கா விழுந்தே விட்டார். கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் அள்ளும்போது தலை சுற்றி, துலாவுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாராம். பக்கத்து வீட்டார் கண்டு, எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். காயம் எதுவும் இல்லை. கிணற்றுக்குள் விழவில்லை. அந்த "விழவில்லை" என்ற சொல்லை அவர்களிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்தேன்.

டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"எவ்வளவு சாப்பிடுறா?"

"ஆயிரத்து ஐம்பது."

"எப்பிடித் தெரியும்?"

"நான்தான் எழுதிக் குடுத்தனான்."

"நீர் குடுத்தது தெரியும். அவ எவ்வளவு சாப்பிடுறா?"

ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கதிரையை இழுத்து, "இரும்" என்றார். பழைய தாள் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலை எடுத்தார்.

"நிறை எவ்வளவு நாளா நிக்குது?"

"சித்திரையிலையிருந்து, டொக்டர்."

"மூண்டு மாசம் ஒரு நிறை அசையாமல் நிண்டால், உள்ளை போறதும் எரியிறதும் சமன். இதிலை ஆரும் பொய் சொல்லேலாது. உடம்பு சொல்லாது, மெசினும் சொல்லாது. எரியிறதை முதலிலை கண்டுபிடியும்."

பழைய எண்பத்திரண்டில் அல்ல, இப்போதைய எழுபத்தேழரையில் செய்யச் சொன்னார். நிறை குறைந்தால் உடம்பு எரிப்பதும் குறையும். அதையும் நான் திருத்தவில்லை. செய்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வந்தது.

அவர் தாளில் இரண்டு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். மேலே ஆயிரத்துத் தொள்ளாயிரம். கீழே ஆயிரத்து ஐம்பது. கோடு கீறிக் கழித்தார். எண்ணூற்று ஐம்பது.

"இதுதான் உம்மடை தாளுக்கும் அவவின்ரை உடம்புக்கும் இடையிலை காணாமல்போனது. கொஞ்சம் பிழைச்சிருக்கலாம், உப்பாலை தண்ணி பிடிச்சிருக்கலாம். ஆனால் நாளுக்கு எண்ணூற்றைம்பது சின்ன விசயமில்லை. ரெண்டு நேரச் சாப்பாடு. இதைக் கண்டுபிடிக்காமல் ஒரு கலோரிகூடக் குறைக்கக் கூடாது. நீர் குறைக்கக் குறைக்க இந்த இடைவெளி கூடும், பாரும்."

அவர் சொன்ன கடைசி வசனம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக் முடிந்ததும், திரும்பும் படகுக்கு இரண்டரை மணித்தியாலம் இருந்தது. ஓட்டோ பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். சிறிய டிஜிற்றல் தராசைப் பையில் வைத்திருந்தேன். போகும் வழியெல்லாம், ஏதாவது ஒளித்து வைத்திருந்தால் நான் என்ன செய்வேன், அவருடைய முகத்தைப் பார்க்காமல் எப்படித் திரும்புவேன் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அக்கா முற்றத்தில் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார். முகம் கறுத்திருந்தது. என்னைக் கண்டதும், "ஐயோ பிள்ளை, வெயிலுக்குள்ளை! வாங்கோ, உள்ளை வந்து இருங்கோ. தேத்தண்ணி போடுறன்" என்றார்.

நான் நெடுந்தீவில் எந்த வீட்டிலும் எதுவும் குடிப்பதில்லை. பால் கொடுக்கிற தாய் என்ற பயம். வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுபோவேன். வழக்கம்போல வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் கிணற்றடியில் விழக் காரணம் நான். ஒரு தேத்தண்ணியை மறுக்க எனக்கு முகம் இல்லை. "ஓம் அக்கா, போடுங்கோ" என்றேன்.

குசினிச் சுவரில் என் தாள். சோறு ஓர் அகப்பையென்று நான் குறைத்த இடத்தில், பழைய எண்ணின்மேல் அவர் கவனமாகக் கோடு கீறி, புதிய எண்ணை எழுதியிருந்தார். அடுக்களைத் தட்டில் அளவுக் கோப்பை கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. மத்தியானத்துக்கு எடுத்து வைத்த சோற்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நான் எழுதியதைவிட இரண்டு கிராம் குறைவு.

தேத்தண்ணி வந்தது. ஒரு வாய் குடித்தேன்.

"அக்கா, எனக்குச் சீனி சரியான கூட."

"கூடவோ? உங்களுக்கெண்டு குறைச்செல்லோ போட்டனான்! ரெண்டு கரண்டிதான்."

"நீங்கள் எத்தினை போடுவீங்கள்?"

"மூண்டு. பால்மாவும் கொஞ்சம் கூடப் போடுவன்."

தை மாதம் நான் எழுதிய தாளில் இருந்தது எனக்கு நன்றாக நினைவு இருந்தது. தேத்தண்ணி நாளுக்கு மூன்று. ஒன்றுக்குக் கொஞ்சம் பசுப்பால். மற்ற இரண்டும் வெறும் தேத்தண்ணி, சின்னப் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு.

"அக்கா, தையிலை வெறுந்தேத்தண்ணியெண்டெல்லோ சொன்னீங்கள்?"

"அது மாரித் தண்ணி பிள்ளை. இப்பத்தையத் தண்ணியிலை வெறுந்தேத்தண்ணி குடிக்கேலுமே? வாயிலை வைக்கேலாது."

"சீனி போடாமல் ஒண்டு தாங்கோ பாப்பம்."

"விசரே உங்களுக்கு?" என்று சிரித்துக்கொண்டே ஊற்றித் தந்தார். ஒரு வாய் குடித்தேன். கடலில் தேயிலை போட்டதுபோல இருந்தது. முற்றத்துக்கு ஓடித் துப்பினேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கரம்பொன் ஆளுக்குச் சவர்த்தண்ணி புதுசோ?" என்றார்.

புதிதில்லை. அதுதான் எனக்கு வெட்கம். கரம்பொனில் எங்கள் வீட்டிலும் கோடையில் கிணறு சவராகும், தண்ணீர் உப்புக் கரிக்கும். எங்கள் அம்மாவும் அப்போது சீனியை அள்ளிப் போடுவார். தண்ணீர் மாறினால் தேத்தண்ணி மாறும். தீவில் பிறந்த எவருக்கும் அது ஒரு செய்தியே இல்லை. அதனால்தான் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்த ஒருத்தி இந்த வேலையில் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள்.

குடிப்பதற்கு மட்டும் பிளாஸ்ரிக் கானில் நல்ல தண்ணீர் எடுத்து வருவதாகவும், தேத்தண்ணி எப்படியும் கொதிக்கிறதுதானே என்று கிணற்றுத் தண்ணீரிலேயே போடுவதாகவும் சொன்னார். சித்திரைக்குப் பிறகு மாடுகளும் பால் வற்றிவிட்டன. அதனால் பால்மா.

"ஒரு நாளைக்கு எத்தினை தேத்தண்ணி அக்கா?"

"முந்தி மூண்டுதான். இப்ப…" விரல் மடித்தார். "விடிய ரெண்டு. பத்து மணிக்கு. பன்ரண்டுக்கு. பின்னேரம் ரெண்டு. செபம் முடிய ஒண்டு. படுக்கேக்கை ஒண்டு. எட்டு."

"எட்டோ!"

"பசிக்குமெல்லோ பிள்ளை. நீங்கள் சோத்தைக் குறைக்கச் சொன்னீங்கள், நான் குறைச்சனான். உண்ணாணை ஒரு சோறு கூடத் தின்னேல்லை. பசிக்கேக்கை ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கிடப்பன். தேத்தண்ணி சாப்பாடில்லைத்தானே?"

டொக்டர் சொன்ன கடைசி வசனம் எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. நான் சோற்றை எடுக்க எடுக்க, அவர் தேத்தண்ணியைக் கூட்டியிருக்கிறார்.

வழக்கமாகப் போடுவதுபோல ஒன்று போடச் சொன்னேன். சீனியைத் தராசில் போட்டேன். பால்மாவைப் போட்டேன். ஒரு கோப்பைக்கு நூற்றைந்து கலோரி. எட்டுக் கோப்பை, எண்ணூற்று நாற்பது.

டொக்டரின் தாளில் இருந்தது எண்ணூற்று ஐம்பது. மகிழ்ச்சியில் அக்காவின் கையைப் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவருடைய முகத்தைக் கவனித்தேன்.

அக்கா மெல்லக் கீழே இருந்தார்.

"அப்ப மூண்டு மாசமா நான்தான் அவனை மெசினிலை கட்டி வைச்சிருக்கிறனோ?"

"இல்லை அக்கா."

"சும்மா தண்ணியைக் குடிச்சு… நான் குடிச்சுக் குடிச்சு…"

"அக்கா, இஞ்சை பாருங்கோ. நீங்கள் கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொன்னீங்கள். நான்தான் கேக்கேல்லை. சாப்பாடு அதே மாதிரியோ எண்டுதான் ஒவ்வொருமுறையும் கேட்டனான். தண்ணி அதே மாதிரியோ எண்டு கேக்கேல்லை. பிழை என்ரை."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப இனி இறங்குமோ?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நான் வழக்கமாக, பார்ப்போம், முயற்சி செய்வோம் என்றுதான் சொல்வேன். அன்று, "இறங்கும்" என்றேன். சொன்ன பிறகு படகில் ஒரு மணித்தியாலமும், ஏன் அப்படிச் சொன்னேன், இறங்காவிட்டால் என்ன செய்வது என்று என்னையே ஏசிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் டொக்டரிடம் போனேன். "தேத்தண்ணி, டொக்டர். எட்டு. எண்ணூற்று நாற்பது கலோரி."

தலையைச் சரித்தார். "எப்பிடித் தெரியும்?"

"குடிச்சுப் பாத்தனான்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "சவரோ?" என்றார்.

"வாயிலை வைக்கேலாது."

"நானும் நாலு வருசமாப் போறன், ஒரு தேத்தண்ணி குடிக்கேல்லை" என்றார். அது தன்னைப் பற்றிச் சொன்னது. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

புதிய கணக்கை இருவரும் சேர்ந்து செய்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஐந்நூறைக் கழித்து ஆயிரத்து நானூறு. சாப்பாட்டைக் குறைக்கவில்லை, கூட்டினோம். நான் எடுத்த சோற்றையும் புட்டையும் திருப்பிக் கொடுத்தோம், மீனில் ஒரு துண்டு கூட்டினோம். அவை வயிற்றில் நின்றால் பசி அடங்கும், தேத்தண்ணி தானாகக் குறையும். தேத்தண்ணி நாளுக்கு மூன்று. மூன்றும் கான் தண்ணீரில், ஒன்றுக்கு மட்டும் பால்மா. அதற்காக இன்னொரு கான் வேண்டும். பக்கத்து வீட்டார் தங்கள் சைக்கிளில் சேர்த்து எடுத்து வருவதாக ஒப்புக்கொண்டார்கள். யூட்டுக்கு நான் தொலைபேசி எடுத்தேன். கிளினிக்கில் எதுவும் சொல்லாமல் ஒரு மாதம் பொறுக்கும்படி கேட்டேன். "தேத்தண்ணியோ மிஸ்?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு அவருடைய சிரிப்பை முதல் தடவையாகக் கேட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, படிக்கல் பத்தில் நின்ற பிறகு, அக்கா கண்ணை மூடிக்கொண்டு மெசினில் ஏறினார். "நீங்கள் பாருங்கோ பிள்ளை, நான் பாக்கமாட்டன்."

எழுபத்தாறு.

ஒன்றரைக் கிலோ. அதில் பாதிக்கு மேல் உப்புப் பிடித்து வைத்திருந்த தண்ணீராக இருக்கும், அடுத்த முறை இவ்வளவு இறங்காது என்று டொக்டர் எச்சரித்தார். அவர் சொன்னதுபோலவே அதன் பிறகு மெதுவாக இறங்கியது. ஆனால் நிற்கவில்லை. கார்த்திகையில், கடல் கொந்தளிப்பால் ஒரு கிளினிக் தவறி, அடுத்த கிளினிக்கில் முள் எழுபத்து மூன்றுக்கு ஒரு கோடு கீழே நின்றது. நான் குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன், நேரே பார்த்தேன், டொக்டரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, கோவையில் அந்த எண்ணைப் பேனையால் எழுதினார்.

தர்சிகாவுக்கு நான் கடைசியில் அனுப்பியது மூன்று வரிதான். நிறை நின்றால் முதலில் இப்போதைய நிறைக்கு எரிவதைக் கணக்கெடும். அதற்கும் உம்முடைய தாளுக்கும் உள்ள இடைவெளியை எழுதி வையும். பிறகு அந்த வீட்டுக்குப் போய், அவர்கள் தருவதைக் குடியும். அவள், "அக்கா, செயலியிலை அதுக்கு இடமில்லையே" என்று பதில் போட்டாள். தாளின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

ஸ்ரெல்லா அக்காவுக்கும் யூட்டுக்கும் அந்தக் கார்த்திகைக்கு அடுத்த வருடம் சத்திரசிகிச்சை நடந்தது. அந்த நாட்களில் நான் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். இருவரும் நலம் என்று டொக்டர் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்கத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஏழாவதோ எட்டாவதோ நாள் பின்னேரம் அக்காவே எடுத்தார். குரல் களைத்திருந்தது. ஆனால் கோபமாகப் பேசினார்.

"பிள்ளை, இவனோடை பெரிய ஆக்கினை!"

"என்ன அக்கா? என்ன நடந்தது?"

"காலமை இவன்ரை மூத்திரக் குழாயைக் கழட்டினவை. அதுக்குப் பேந்து பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஒண்டுக்குப் போறான். மூண்டு வருசம் ஒரு சொட்டுப் போகாதவன்! நான் வயித்திலை தையலோடை அவனைப் பாக்க வந்திருக்கிறன், ரெண்டு வசனம் கதைக்க விடுறானில்லை. நேர்ஸ் மிஸ்ஸியும் போத்திலோடை அளந்து அளந்து களைச்சுப்போனா."

"எவ்வளவு அக்கா?" என்று கேட்டேன். தொழில் பழக்கம்.

"ஆருக்குத் தெரியும்! பொறுங்கோ, அவன் வாறான், குடுக்கிறன்… டேய், மிஸ் கதைக்கிறா, இந்தா… ஐயோ, திரும்பவும் போறான் பிள்ளை!"

தூரத்தில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. தொலைபேசியைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.